பழைய பிராசசருக்குப் புது ஃபேன்: நம்ம ஊர் வெயிலுக்கு எதை வாங்கலாம்?

எம்.புதுப்பட்டி, சிவகாசி பக்கம் சில பிரஸ்களிலும் வீடுகளிலும் கோர் 2 டுயோ காலத்து சிஸ்டம் இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. பில் போட, தம்பி தங்கச்சி படிக்க அது போதும். மே மாசம் வந்தாதான் பிரச்சினை. ஃபேன் கர்ருன்னு கத்தும், சிஸ்டம் தானா ஆஃப் ஆகும். உடனே "புதுசு வாங்கணும்"னு முடிவு கட்டிடாதீங்க. பல நேரம் போனது ஃபேன் மட்டும்தான்.

முதல்ல பவரைத் துண்டிச்சு, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பாருங்க. பிரஸ் சிஸ்டம்னா காகிதத் தூசியும், அச்சான தாள்கள் ஒட்டாம இருக்கத் தூவுற பவுடரும் ஹீட்சிங்க் இடுக்கை அடைச்சிருக்கும். மெல்லிய பிரஷ்ஷால சுத்தம் பண்ணுங்க. பட்டாசு கம்பெனி சிஸ்டம்னா மருந்துத் தூசி இருக்கலாம். அங்க ப்ளோயர் வேண்டவே வேண்டாம், மோட்டாரில் தீப்பொறி வரும். சுத்தம் பண்ணியும் ஃபேன் இறுக்கமா சுத்தினா மாத்த வேண்டியதுதான். கடைக்குப் போகும்முன் நாலு விஷயம் தெரிஞ்சிருக்கணும்.

1. சாக்கெட்: இன்டெல் 775 சாக்கெட்டில் கூலர் மாட்டும் துளைகளுக்கு இடைவெளி 72 மி.மீ. பிறகு வந்த 1156, 1155, 1150 சாக்கெட்டுகளில் 75 மி.மீ. வெறும் 3 மி.மீ. தானேன்னு அழுத்தினா புஷ் பின் உடையும். ஏஎம்டி ஏஎம்2, ஏஎம்3 போர்டுகளில் கிளிப் முறை. அதுக்குத் தனி கூலர்.

2. வாட்: இதுதான் முக்கியம். கூலர், காற்றைவிடக் குளிர்ச்சியா பிராசசரை ஆக்காது. காற்றைவிட எத்தனை டிகிரி கூடுதலா சூடேறும் என்பதைத்தான் குறைக்கும். கோர் 2 டுயோ இ7500 எடுத்துக்கோங்க: 65 வாட், மேல்மூடியின் வெப்ப வரம்பு 74.1 டிகிரி. ஒரு வாட்டுக்கு 0.5 டிகிரி ஏறவிடும் கூலர்னா, 65 × 0.5 = 32.5. கேபினெட்டுக்குள் காற்று 30 டிகிரின்னா மொத்தம் 62.5, பிரச்சினை இல்லை. கத்திரி வெயில்ல உள்ளே 45 ஆனா 77.5, வரம்பைத் தாண்டிருச்சு! அதே இடத்துல 0.4 டிகிரி கூலர் போட்டா 71. அதனால 65 வாட் பிராசசருக்கு 95 வாட் தாங்கும் கூலரா கேளுங்க.

3. பின்: 4 பின் ஃபேன் சூட்டுக்கு ஏத்த மாதிரி வேகத்தை மாத்தும். 3 பின் ஃபேனை 4 பின் இடத்துல செருகினாலும் ஓடும். ஆனா பல போர்டுகளில் எப்பவும் முழு வேகம்தான்.

4. பேரிங்: ஸ்லீவ் பேரிங் விலை குறைவு, சூட்டில் எண்ணெய் சீக்கிரம் காயும். நம்ம ஊருக்கு பால் பேரிங் நல்லது.

ஹீட்சிங்க் நல்லா இருந்து, ஃபேன் நாலு திருகில் நின்றால் ஃபேனை மட்டும் மாத்தலாம். பக்க அளவு 80 மி.மீ.யா 92 மி.மீ.யா, தடிமன் என்னன்னு அளந்துட்டுப் போங்க. ஹீட்சிங்கைக் கழற்றினா பழைய பேஸ்ட்டை முழுசா துடைச்சு, பட்டாணி அளவு புது பேஸ்ட் போதும்.

மாட்டினதும் நாலு பின்னும் போர்டுக்குப் பின்பக்கம் வெளியே வந்திருக்கான்னு பாருங்க. ஒண்ணு நழுவினாலும் சூடு குறையாது. மதியம் அரை மணி நேரம் வேலை கொடுத்து, டெம்பரேச்சரைக் குறிச்சு வைங்க. அடுத்த வருஷம் அதே வேலையில் அது கூடியிருந்தா, முதல்ல தூசியைத் தட்டுங்க.