லேத் ஓட்டத் தெரிந்தவருக்குப் பைத்தான் புதிதல்ல

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சிஎன்சி லேத் ஓட்டுபவரிடம் "உங்களுக்கு புரோகிராமிங் தெரியுமா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஐடி பசங்க வேலை சார்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். அப்படிச் சொல்லும்போதே அவருக்கு எதிரில் உள்ள திரையில் ஒரு புரோகிராம் வரிவரியாக ஓடிக்கொண்டிருக்கும். தேவைப்பட்டால் அதில் ஒரு வரியைத் திருத்தவும் அவருக்குத் தெரியும்.

1964-இல் தொடங்கிய இந்தப் பேட்டையில் இன்று பட்டறைகளும் மென்பொருள் அலுவலகங்களும் ஒரே சாலையில் அடுத்தடுத்து இருக்கின்றன. ஆவடியைத் தாண்டி, பட்டாபிராமில் 2024 நவம்பரில் 21 மாடி டைடல் பார்க் திறக்கப்பட்டது. அரசுப் பாடத்திட்டத்தில் 2019 முதல் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் பைத்தான் நிரல்மொழி இருக்கிறது. தமிழ் வழியிலும் படிக்கலாம். இத்தனை இருந்தும், ஐடிஐ முடித்துப் பட்டறைக்குப் போன இளைஞர்கள் பைத்தானை வேறு யாருக்கோ உரிய வித்தையாக எண்ணி ஒதுங்குகிறார்கள். பைத்தானின் அடிப்படைகளில் பாதிக்கு மேல் அவர்கள் ஏற்கெனவே கையால் செய்துகொண்டிருப்பவை என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

முதல் பாடம் வரிசை. லேத்தில் 'ஜி00' என்றால் டூல் முழு வேகத்தில் நகரும். 'ஜி01' என்றால் கொடுத்த ஃபீடில் நிதானமாக உலோகத்தைச் சீவும். 'எம்08' கூலன்ட்டைத் திறக்கும், 'எம்30' புரோகிராமை முடிக்கும். ஜி01 இருக்க வேண்டிய இடத்தில் கை தவறி ஜி00 அடித்துவிட்டால், டூல் முழு வேகத்தில் போய் ஜாபில், அதாவது சீவப்படும் உலோகத்தில், மோதும்; வெட்டுமுனையான இன்சர்ட் உடையும். நாம் மனதில் நினைத்தது மெஷினுக்குத் தெரியாது, எழுதியதைத்தான் செய்யும். பைத்தானும் மேலிருந்து கீழாக, எழுதியதை எழுதியபடியே செய்கிறது. புதிதாகப் படிக்கும் கல்லூரி மாணவருக்கு இது மனதில் படிய நாளாகும். பட்டறைக்காரருக்கோ முதல் ஷிப்ட்டிலேயே புரிந்துவிடும்.

அடுத்தது மாறி. 25 மி.மீ. விட்டம் வர வேண்டிய ஷாஃப்ட், டூல் தேயத் தேய 25.03 என்று வருகிறது. ஆபரேட்டர் புரோகிராமைத் தொடுவதில்லை. வேர் ஆஃப்செட் பக்கத்துக்குப் போய் மைனஸ் 0.03 என்று போடுகிறார். அடுத்த ஜாப் சரியாக வருகிறது. மதிப்பைத் தனியே ஓரிடத்தில் வைத்து, அதற்கு அடையாளம் கொடுத்து, வேண்டும்போது மாற்றுவதைத்தான் பாடநூல் மாறி என்கிறது. 2008-இல் வந்த பைத்தான் 3 முதல் மாறிக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கீழே உள்ளது முழுக்கச் செல்லுபடியாகும் பைத்தான்:

அளவு = 25.03
திருத்தம் = 25.00 - அளவு

இங்கே தரவு வகையைப் பற்றி நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஆரம்பத்தில் பலரும் விழும் பள்ளம் இதுதான். சில கன்ட்ரோலர்களில் 'எக்ஸ்25.' என்று புள்ளியோடு அடித்தால் 25 மி.மீ.; புள்ளியை விட்டால் 25 மைக்ரான். எண் ஒன்றுதான், மெஷின் அதை எடுத்துக்கொள்ளும் விதம் வேறு. பைத்தானில் பயனரிடம் 'இன்புட்' மூலம் வாங்கும் எதுவும் எழுத்துச் சரமாகத்தான் வரும். 25-ஐ இரண்டு முறை வாங்கிக் கூட்டினால் 50 வராது, 2525 வரும். அதை எண்ணாக மாற்றச் சொல்வது எழுதுபவரின் பொறுப்பு. தசமத்திலும் கவனம் வேண்டும். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் பைத்தான் 0.30000000000000004 என்று காட்டும். கணினி எண்களை இரும முறையில் வைப்பதால் வரும் நுண்ணிய பிசகு இது. மைக்ரானில் அளவு பார்க்கும் இடத்தில், ஒப்பிடும் முன் எத்தனை தசமம் வரை வேண்டும் என்று வரையறுத்துவிடுவது நல்லது.

நிபந்தனையும் சுழற்சியும் சேர்ந்தால்தான் புரோகிராமுக்கு உயிர் வரும். மைக்ரோமீட்டரில் எடுத்த 200 ரீடிங் ஒரு ரெஜிஸ்டரில் இருக்கிறது. டாலரன்ஸ் மேலே கீழே 0.02. கண்ணால் பார்த்து டிக் அடிக்க அரை மணி நேரம் போகும், கண்ணும் அயரும். பைத்தானில் அந்த ரீடிங்குகளை ஒரு பட்டியலாக வைத்து, ஒவ்வொன்றாக எடுத்து, வரம்பைத் தாண்டியதை மட்டும் காட்டச் சொல்ல நான்கைந்து வரி போதும். முடிவெடுக்கும் பகுதியை, மேல் வரம்புக்கு மட்டும், முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியில் இப்படி எழுதலாம்:

@( அளவு > 25.02 ) ஆனால்
    பதிப்பி "ரிஜெக்ட்"
இல்லை
    பதிப்பி "சரி"
முடி

ஆங்கிலத்துக்கு அஞ்சுபவர்கள் சில வாரம் எழிலில் பழகிவிட்டுப் பைத்தானுக்கு வரலாம். எழிலே பைத்தானின் மேல் கட்டப்பட்டதுதான். வேலைக்கென்று வரும்போது பைத்தானே வேண்டும். கோப்புகளைப் படிக்க, வரைபடம் போட, தரவுத்தளத்தோடு பேச ஆயத்தக் கருவிகள் அதில்தான் குவிந்துள்ளன. செயற்கூறு (ஃபங்ஷன்) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எம்98 போட்டு சப் புரோகிராமை அழைத்து, எம்99-இல் திரும்புபவருக்கு அது தெரிந்த விஷயம்.

பட்டறை கற்றுத்தரும் பெரிய பாடம் பிழை பார்ப்பது. புது புரோகிராம் ஏற்றியதும், மெஷினை வேலைக்குத் தயார்செய்யும் எந்த செட்டரும் நேராக ஓட்டிவிடமாட்டார். ஜாப் இல்லாமல் டிரை ரன் போடுவார். பிறகு சிங்கிள் பிளாக் பட்டனை அழுத்தி, ஒரு வரி ஓடியதும் நிறுத்தி, டூல் நிற்கும் இடத்தைப் பார்த்து அடுத்த வரிக்குப் போவார். மென்பொருள் நிறுவனங்களில் டீபக்கர் கொண்டு செய்வதும் இதே வேலைதான். கணினி வகுப்பில் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்ததும் மாணவர்கள் பதறிப்போய் முழுவதையும் அழிக்கிறார்கள். மெஷினில் அலாரம் வந்தால் எண்ணைப் படித்துக் காரணம் தேடுவதுபோல, பைத்தானின் பிழைச் செய்தியில் கடைசி வரியை முதலில் படிக்க வேண்டும். என்ன பிழை என்பது அங்கே இருக்கும், எந்த வரியில் என்பது அதற்குச் சற்று மேலே. தொடக்கத்தில் பல பிழைகள் வரியின் முன் விடும் இடைவெளியால் வருபவை. எந்த வரி எதற்கு உட்பட்டது என்பதைப் பைத்தான் அந்த இடைவெளியை வைத்தே அறிகிறது.

பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலைப் படிப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நூலில், மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கும் சிஎஸ்வி கோப்புகளுக்கென்றே ஒரு பாடம் இருக்கிறது. அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வதைவிட, வீட்டில் யாராவது பட்டறைக்குப் போகிறவர் இருந்தால் அவரிடம் ஒரு நாள் ரீடிங்கை வாங்கி அதில் போட்டுப் பாருங்கள்.

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் பட்டறை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அலுவலக அறையில் பில் போடும் கணினி ஒன்று இருக்கும். பைத்தான் இலவசம், அந்தக் கணினியே அதற்குப் போதும். ஷிப்ட் முடிந்தபின் ஒரு மணி நேரம், ஆர்வமுள்ள ஓர் ஆபரேட்டரை அதன் முன் உட்கார விடுங்கள். முதல் வேலையாக உங்கள் ரிஜெக்ஷன் கணக்கையே கொடுங்கள்.