கட்டி சிறிது, சிறுநீரகம் முழுவதும் போகவேண்டுமா?

வயிற்றுநோ என்று ஸ்கான் எடுக்கப் போகிறோம். "சிறுநீரகத்தில் சிறிய கட்டி இருக்கிறது" என்கிறார் வைத்தியர். மொழி பிடிபடாத நாட்டில் இதைக் கேட்டால் நமக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

முன்பெல்லாம் கட்டி சிறிதானாலும் சிறுநீரகம் முழுவதையும் அகற்றுவதே வழக்கம். இன்று 4 சென்ரிமீற்றருக்கு மேற்படாத கட்டியென்றால், இயன்றவரை அதை மட்டும் வெட்டியெடுத்து மீதியைக் காப்பாற்றுகிறார்கள். 1990இல் அமெரிக்காவின் சென். லூயிஸ் நகரில் வைத்தியர் றால்ஃப் கிளேமன் குழுவினர் சிறு துளைகள் வழியாக ஒரு சிறுநீரகத்தை முதன்முதலில் அகற்றினர். கட்டியை மட்டும் எடுப்பதற்கும் பின்னர் அதே வழி கைகொடுத்தது. துளைகளால் கமராவும் கருவிகளும் உள்ளே செல்லும். இரத்தக்குழாயைச் சிறிது நேரம் அடைத்து, கட்டியை வெட்டியெடுத்துத் தைத்துவிடுவார்கள். பெரிய காயம் இல்லாததால் நோவு குறைவு. வேலைக்கும் விரைவில் திரும்பலாம்.

மற்றச் சிறுநீரகம் இருக்கிறதே என்று நினைக்கலாம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம்மவரிடையே அதிகம். இரண்டும் சிறுநீரகத்தை மெல்லமெல்லப் பழுதாக்குபவை. இன்று காப்பாற்றும் பகுதி நாளை உதவும்.

எல்லாக் கட்டிகளுக்கும் இது பொருந்தாது. கட்டி இருக்கும் இடத்தையும் பார்க்கவேண்டும். இரத்தப்போக்கு, சிறுநீர்க் கசிவு ஏற்படவும் கூடும். சிறு கட்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று புற்றுநோயே அல்ல. முதியவர்கள் சிலருக்குக் கண்காணிப்பே போதும்.

ஆகவே, சத்திரசிகிச்சைக்குக் கையொப்பமிட முன் கேட்போம்: "கட்டியை மட்டும் எடுக்க முடியாதா? முடியாதென்றால் ஏன்?" பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை இடையில் நிறுத்தாமல், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லிவைப்போம்.