வாசனை யாருக்கு?

பாயசம் கொதிக்கும்போதே ஏலப்பொடியைத் தூவிவிடுகிற வழக்கம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் வாசனை அடுத்த வீட்டாருக்கு. வெறும் இனிப்புதான் உங்கள் வீட்டாருக்கு! காரணம் தெரிய வேண்டுமா? போடிநாயக்கனூருக்கு மேலே, ஏலமலைக்கு வாருங்கள்.

செடியிலிருந்து பறித்த ஏலக்காயில் நூற்றுக்குச் சுமார் 80 பங்கு தண்ணீர். அதை அறைக்குள் பரப்பி, 50 டிகிரி சென்டிகிரேடை ஒட்டிய இளஞ்சூட்டில் நிதானமாக உலர்த்துகிறார்கள். 5 கிலோ காய் ஏறக்குறைய 1 கிலோவாகச் சுருங்குகிறது. ஆவியாகிப் போனாலும் தண்ணீர் தண்ணீர்தான். இது பௌதிக மாற்றம்.

“செலவில்லாத வெயில் இருக்கும்போது சூட்டறை எதற்கு?” என்பீர்கள். வெயிலில் பச்சை நிறம் தரும் பொருள் சிதைந்து வேறு பொருளாகிவிடும், காய் வெளுக்கும். பிறகு என்ன செய்தாலும் பச்சை திரும்பாது. இது ரசாயன மாற்றம். போடியில் ஏலக்காயை ஏலம் போடும்போது, பச்சை குறைந்தால் விலையும் குறைந்துவிடும்!

இனி, வாசனைக்கு வருவோம். விதைக்குள் இருப்பது எளிதில் ஆவியாகும் எண்ணெய். தோல் அதற்குக் காவல். பொடித்துவிட்டால் காவல் போயிற்று. சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்!

ஆகவே ஏலக்காயைத் தோலுடன் வாங்கி, வெளிச்சம் படாத டப்பாவில் இறுக மூடி, அடுப்புக்கு எட்டத்தில் வையுங்கள். பாயசத்தை இறக்கிய பிறகு, அப்போதே தட்டிய விதையைப் போட்டு மூடிவிடுங்கள்.

பள்ளிக்கூடத்திலிருந்து வரும் குழந்தை பௌதிக மாற்றத்துக்கு உதாரணம் கேட்டால், புத்தகத்தைத் தேட வேண்டாம். ஏலக்காய் டப்பாவைத் திறந்து முகரச் சொல்லுங்கள். உடனே மூடிவிடவும் சொல்லுங்கள்!