நோயாளியுடன் ஒரு நாள் வெளியே: எங்கே, எப்படி?

மாரடைப்பிற்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் நாளில், குடும்பத்தினர் எங்களிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டாக்டர், இவரை இனி வெளியே எங்கும் அழைத்துச் செல்லக் கூடாதுதானே?" கேள்வியிலேயே விடையும் அடங்கியிருப்பதாக அவர்கள் எண்ணுகிறார்கள். அந்த விடை தவறானது. சிக்கலின்றிக் குணமடைந்தவர் முதலில் வீட்டுக்குள்ளும், பின்னர் தெருவிலும், சில வாரங்களில் ஊருக்கு வெளியிலும் நடமாடுவதே நல்லது. வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருந்தால் தசைகள் தளர்கின்றன, சர்க்கரை கூடுகிறது, மனமும் சோர்கிறது.

சுந்தரபாண்டியம், வத்திராயிருப்பு, திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய ஊர்களில் வாழும் நமக்கு வெளியே செல்ல இடங்களுக்குக் குறைவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணெதிரே நிற்கிறது. எந்த இடம் யாருக்கு ஏற்றது என்பதை அறிந்துகொண்டால் போதும்.

சமதளமே முதற்படி

தொடக்கத்தில் மேடு பள்ளம் இல்லாத இடங்களைத் தேர்ந்தெடுங்கள். மழைக்குப் பின் நீர் நிறைந்த கண்மாய்க் கரையோரச் சாலை, பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு அணைகளின் சுற்றுப்புறம் ஆகியவை ஏற்றவை. பேசிக்கொண்டே நடக்க முடியும் அளவே சரியான வேகம். ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று பொருள். உடனே அமர வேண்டும்.

காலை பத்து மணிக்கு முன்பும் மாலை நான்கு மணிக்குப் பின்பும் செல்வது நலம். இரத்த அழுத்தத்திற்கும் நீர் பிரிவதற்கும் மாத்திரை உட்கொள்பவர்கள் கடும் வெயிலில் நின்றால் அழுத்தம் திடீரெனக் குறைந்து மயங்கி விழக்கூடும். எனினும் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்னும் அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாது. இதயச் செயலிழப்பு, சிறுநீரகக் கோளாறு உடையவர்கள் மருத்துவர் குறித்துக் கொடுத்த அளவையே பின்பற்ற வேண்டும்.

கோயில் பிராகாரமும் சர்க்கரை நோயாளியின் பாதமும்

ஆண்டாள் கோயிலுக்குச் செல்லாத குடும்பம் நம் பகுதியில் இல்லை. ஆனால் நண்பகலில் கற்றளம் எவ்வளவு சுடும் என்பதை எல்லோரும் அறிவோம். நீண்டகாலச் சர்க்கரை நோயாளி மட்டும் அதை அறிய மாட்டார். அவருடைய பாத நரம்புகள் உணர்விழந்திருக்கலாம். நண்பகலில் பிராகாரம் சுற்றிவிட்டு, மறுநாள் உள்ளங்காலில் கொப்புளங்களுடன் வந்த முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். "வலிக்கவே இல்லையே" என்பார்கள். வலிக்காததே அங்கு நோய். அத்தகைய புண் ஆறாமல் போனால் விரலையோ காலையோ இழக்க நேரிடும்.

எனவே அதிகாலைத் தரிசனமே அவர்களுக்கு உகந்தது. கோயில் வழக்கம் இடமளித்தால் தடித்த பருத்திக் காலுறை அணியலாம். வீடு திரும்பியதும் குடும்பத்தில் ஒருவர் உள்ளங்கால்களை விளக்கொளியில் பார்த்துவிட வேண்டும். கொப்புளம் தென்பட்டால் அதை உடைக்காமலும், பற்பசையோ மையோ தடவாமலும் மருத்துவமனைக்கு வாருங்கள்.

பால்கோவா பற்றி ஒரு சொல்

2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற நம் பால்கோவாவைச் சுவைக்காமல் திரும்புவது கடினம். சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர் சிறிதளவு உண்ணலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் இன்சுலின் போட்டுக்கொண்டு நடந்தவருக்கு வியர்வை, நடுக்கம், படபடப்பு ஏற்பட்டால் கையிலிருக்கும் பால்கோவாவைக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்களில் மீண்டும் பரிசோதியுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

மலையும் அருவியும்

தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு ஏறுவது பல மணி நேர உழைப்பு. பாறைப் பாதையில் பாதி வழியில் நெஞ்சுவலி வந்தால், அங்கு வாகனம் வராது; மனிதர்களே சுமந்து இறக்க வேண்டும். இதய நோயாளிகள், மாரடைப்பு வந்து சில மாதங்களே ஆனவர்கள் உரிய பரிசோதனையும் மருத்துவரின் ஒப்புதலும் இன்றி ஏறக் கூடாது. பக்தி குறைந்துவிடாது, அடிவாரத்தில் நின்று வணங்கித் திரும்புவதும் வழிபாடே.

அய்யனார் அருவி போன்ற இடங்களில் குளிர்நீர் திடீரென மேலே விழும்போது இரத்தக் குழாய்கள் சுருங்கி இதயத்தின் சுமை கூடும். இதய நோயாளிகள் அருவிக்கு அடியில் நிற்காமல் கரையில் அமர்ந்து மகிழலாம். ஓடை அமைதியாகத் தெரிந்தாலும் மலைமேல் பெய்த மழை நொடியில் வெள்ளமாக இறங்கும். 2015 மே மாதம் சதுரகிரியில் அவ்வாறு வந்த வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்ததை மறவாதீர்கள்.

திரும்பிய பின்னும் கவனம்

சாம்பல் நிற அணில்களுக்காக 1988இல் அறிவிக்கப்பட்ட சரணாலயத்தைச் சேர்ந்த செண்பகத்தோப்பு போன்ற காட்டோரங்களில், புதர்களில் வாழும் நுண்ணிய பூச்சிகள் கடிப்பதால் உண்ணிக் காய்ச்சல் வரக்கூடும். சென்று வந்த மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் வலியற்ற கருநிறப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் "காட்டுப் பக்கம் போனோம்" என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த ஒரு வரி, சரியான மருந்தை விரைவில் தொடங்க உதவும்.

புறப்படும்போது மருந்துச் சீட்டு, அன்றைய மாத்திரைகள், சர்க்கரைப் பொட்டலம், நாவின் அடியில் வைக்கும் மாத்திரை ஆகியவற்றைப் பையில் வையுங்கள். நெஞ்சுவலி வந்தால் நோயாளியை அமரவைத்து அந்த மாத்திரையைக் கொடுங்கள். ஐந்து நிமிடங்களில் வலி நீங்காவிட்டால் 108ஐ அழையுங்கள்.

இவ்வளவும் உங்களை அச்சுறுத்துவதற்கு அன்று. அடுத்த முறை எங்களிடம் வரும்போது, "வெளியே போகலாமா?" என்பதற்குப் பதிலாக, "இந்த இடத்திற்குப் போகலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் "போய் வாருங்கள்" என்றே சொல்வோம்.