ஜீயஸ் (வங்கி உளவுநிரல்)

ஜீயஸ் என்பது விண்டோஸ் இயங்குதளம் கொண்ட கணினிகளில் மறைந்திருந்து, இணைய வங்கிக் கணக்குகளின் பயனர்பெயர், கடவுச்சொல் முதலிய விவரங்களைத் திருடும் ஓர் உளவுநிரல் ஆகும். ஸீபாட் என்றும் இது அழைக்கப்படுகிறது. பயனுள்ள கோப்பு போலத் தோற்றமளித்து உள்ளே நுழைவதால் ட்ரோஜன் வகைத் தீநிரல்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 2007ஆம் ஆண்டில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது. பின்னர் வந்த பல வங்கி உளவுநிரல்கள் இதன் வழிமுறைகளையே பின்பற்றியதால், அவ்வகை நிரல்கள் எப்படித் தொற்றுகின்றன, எப்படி நீக்கப்பட வேண்டும் என்பதை அறிய ஜீயஸ் சிறந்த எடுத்துக்காட்டாக உள்ளது.

வரலாறு

2007 ஜூலையில் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் தகவல்களைத் திருடப் பயன்படுத்தப்பட்டபோது ஜீயஸ் வெளிச்சத்துக்கு வந்தது. 2009இல் இது பரவலாகக் காணப்பட்டது. அதை எழுதியவர் தாமே திருடியதோடு நிற்காமல், மற்ற குற்றக் கும்பல்களுக்கும் ஒரு மென்பொருள் தொகுப்பாக விற்றார். வாங்கியவர்கள் தங்களுக்கு வேண்டிய வங்கிகளைக் குறிப்பிட்டுத் தங்களுக்கென ஒரு ஜீயஸை உருவாக்கிக்கொள்ள முடிந்தது.

2011இல் ஜீயஸின் மூல நிரல் இணையத்தில் கசிந்தது. அதன் பிறகு சிட்டாடெல் போன்ற புதிய வடிவங்கள் தோன்றின. கேம்ஓவர் ஜீயஸ் என்ற வடிவம், ஒரே வழங்கியை நம்பியிராமல் பாதிக்கப்பட்ட கணினிகளையே ஒன்றோடொன்று இணைத்துக் கட்டளைகளைப் பரப்பியதால் அதை முடக்குவது கடினமாக இருந்தது. 2014 ஜூனில் பல நாட்டுக் காவல் அமைப்புகள் சேர்ந்து டோவர் நடவடிக்கை என்ற பெயரில் அதை முடக்கின. உலகெங்கும் 5 லட்சம் முதல் 10 லட்சம் வரையிலான கணினிகள் அதனால் பாதிக்கப்பட்டதாகவும், இழப்பு 10 கோடி டாலருக்கு மேல் என்றும் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. மதிப்பிட்டது. இவ்வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ரஷ்யரான எவ்கேனி போகச்சேவைக் கைது செய்ய உதவும் தகவலுக்கு 2015இல் 30 லட்சம் டாலர் வரை பரிசு அறிவிக்கப்பட்டது.

தொற்றும் வழிகள்

1. மின்னஞ்சல்: விலைப்பட்டியல், கூரியர் அறிவிப்பு, வரித்துறைக் கடிதம் போன்ற தோற்றத்தில் மின்னஞ்சல் வரும். 2009இல் அமெரிக்க வருமான வரித்துறையின் பெயரில் இத்தகைய மின்னஞ்சல்கள் ஏராளமாக அனுப்பப்பட்டன. இணைப்புக் கோப்பைத் திறந்தாலோ, தரப்பட்ட சுட்டியை அழுத்தினாலோ நிரல் இறங்கிவிடும்.

2. இணையதளங்கள்: குற்றவாளிகள் நம்பகமான தளங்களிலும் ஊடுருவித் தீய நிரல்வரிகளைப் புகுத்துவதுண்டு. அத்தளத்தைப் பார்ப்பவரின் உலாவியோ, அதன் துணை மென்பொருளோ புதுப்பிக்கப்படாமல் இருந்தால், எதையும் அழுத்தாமலேயே உளவுநிரல் கணினியில் இறங்கக்கூடும்.

3. போலி மென்பொருள்கள்: கட்டண மென்பொருளை இலவசமாகத் தருவதாகக் கூறும் 'கிராக்' கோப்புகள், திருட்டுத் திரைப்படத் தளங்கள் கேட்கும் 'வீடியோ பிளேயர்' ஆகியவற்றுடனும் வங்கி உளவுநிரல்கள் சேர்ந்து வருகின்றன.

செயல்படும் முறை

கணினிக்குள் நுழைந்ததும் ஜீயஸ் தன்னை ஒரு மறைவான இடத்தில் படியெடுத்துக்கொள்கிறது. பழைய வடிவங்கள் விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறையில் தங்கின. பின்னர் வந்தவை பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் பொருளற்ற பெயர்களில் ஒளிந்துகொண்டன. இதனால் நிர்வாகி உரிமை இல்லாத பயனர் கணக்கிலும் அவை இயங்கின. கணினி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தானும் தொடங்குமாறு விண்டோஸ் பதிவேட்டில் ஒரு குறிப்பையும் ஜீயஸ் எழுதிவிடுகிறது.

அடுத்து, குற்றவாளியின் வழங்கியிலிருந்து மறையாக்கம் செய்யப்பட்ட ஓர் அமைப்புக் கோப்பைப் பெறுகிறது. எந்தெந்த வங்கித் தளங்களைக் கண்காணிக்க வேண்டும் என்ற பட்டியல் அதில் இருக்கும். பயனர் அத்தளங்களுள் ஒன்றைத் திறக்கும்போது மூன்று வேலைகள் நடக்கலாம்:

1. படிவத்தில் நிரப்பப்படும் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் நகலெடுக்கப்படும்.
2. தட்டச்சு செய்வதும் திரையின் படமும் பதிவு செய்யப்படும்.
3. வங்கிப் பக்கத்தில் இல்லாத புதிய கட்டங்கள் சேர்க்கப்படும். ஏ.டி.எம். ரகசிய எண், கைபேசி எண் போன்றவற்றை வங்கியே கேட்பது போல அவை தோன்றும்.

பூட்டுக் குறி ஏன் காப்பதில்லை

முகவரிப் பட்டையில் சரியான வங்கி முகவரியும் பூட்டுக் குறியும் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை என்று பலர் எண்ணுகின்றனர். போலித் தளங்களைக் கண்டறிய இச்சோதனை உதவும். ஜீயஸ் விஷயத்தில் உதவாது. ஏனெனில் பயனர் திறந்திருப்பது உண்மையான வங்கித் தளமே. கணினியிலிருந்து வங்கி வரை தகவல் செல்லும் வழியை மறையாக்கம் காக்கிறது. ஜீயஸோ உலாவிக்குள் அமர்ந்து, தகவல் மறையாக்கம் செய்யப்படுவதற்கு முன்பே எடுத்துக்கொள்கிறது. தபால் பெட்டிக்குப் பலமான பூட்டு இருந்தாலும், கடிதம் எழுதும்போதே ஒருவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டால் பயனில்லை என்பது போன்றது இது.

கைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் இக்கும்பல்கள் விடவில்லை. 2010இல் கண்டறியப்பட்ட ஸிட்மோ என்ற கைபேசி வடிவம், "பாதுகாப்புச் சான்றிதழ்" என்று சொல்லிக் கைபேசியில் நிறுவச் செய்து, வங்கி அனுப்பும் குறுஞ்செய்திகளைக் குற்றவாளிக்குத் திருப்பி அனுப்பியது.

பணம் வெளியேறும் வழி

திருடிய பணம் நேராகக் குற்றவாளியின் கணக்குக்குச் செல்வதில்லை. 2009 மே மாதத்தில் அமெரிக்காவில் ஒரே தொகுதியாக 46 வங்கிக் கணக்குகளுக்குப் பணம் சென்றதைக் கண்டு எஃப்.பி.ஐ. விசாரணையைத் தொடங்கியது. அக்கணக்குகள் இடைத்தரகர்களுடையவை. தமக்கு ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியை வெளிநாட்டுக்கு அனுப்புவதே அவர்களின் வேலை. 22 கோடி டாலரைத் திருட முயன்ற அக்கும்பல் 7 கோடி டாலரை எடுத்துவிட்டதாக 2010 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. சிறு நிறுவனங்கள், நகராட்சிகள், தேவாலயங்கள் ஆகியவை பணத்தை இழந்தவற்றுள் அடங்கும். "உங்கள் கணக்கில் பணம் வரும், கமிஷன் எடுத்துக்கொண்டு அனுப்பினால் போதும்" என்ற வேலைவாய்ப்பு விளம்பரங்களை மாணவர்கள் நம்பக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

அறிகுறிகள்

• வங்கித் தளம் வழக்கத்துக்கு மாறாகக் கூடுதல் விவரங்களைக் கேட்டல்.
• சரியான கடவுச்சொல் கொடுத்தும் "தளம் பராமரிப்பில் உள்ளது" என்ற செய்தி தோன்றுதல்.
• ஆன்டிவைரஸ் அல்லது ஃபயர்வால் தானாக அணைந்திருத்தல்.
• செய்யாத பரிமாற்றத்துக்குக் குறுஞ்செய்தி வருதல்.

எந்த அறிகுறியும் இல்லாமலும் உளவுநிரல் இருக்கலாம். 2009இல் கண்டறியப்பட்ட யூ.ஆர்.எல்.ஸோன் என்ற மற்றொரு நிரல், பணம் போன பின்பும் பழைய இருப்புத் தொகையையே திரையில் காட்டியது. ஆகவே கணக்கு இருப்பை வேறொரு கருவியிலோ, ஏ.டி.எம். இயந்திரத்திலோ சரிபார்ப்பது நல்லது.

நீக்கும் முறை

இங்கே செய்யும் வேலைகளைவிட அவற்றின் வரிசை முக்கியம். பாதிக்கப்பட்ட கணினியிலேயே கடவுச்சொல்லை மாற்றினால், புதிய கடவுச்சொல்லும் உடனே திருடப்படும்.

1. கணினியின் இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

2. தொலைபேசியில் வங்கியை அழைத்து இணைய வங்கிச் சேவையை முடக்கச் சொல்ல வேண்டும். பணம் போயிருந்தால், இந்தியாவில் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணிலும் தாமதிக்காமல் புகார் செய்யலாம். பணம் இடைத்தரகர் கணக்கைவிட்டுப் போவதற்குள் தடுக்க விரைவு மிக அவசியம்.

3. தூய்மையான வேறொரு கருவியிலிருந்து முதலில் மின்னஞ்சல் கடவுச்சொல்லையும், அடுத்து வங்கிக் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். கடவுச்சொல்லை மீட்கும் சுட்டிகள் மின்னஞ்சலுக்கே வருவதால் இந்த வரிசை பின்பற்றப்படுகிறது.

4. விண்டோஸ் இயங்காத நிலையில் கணினியைச் சோதிக்க வேண்டும். விண்டோஸ் இயங்கும்போது உளவுநிரலும் இயங்கித் தன்னை மறைத்துக்கொள்ளும். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் விண்டோஸ் செக்யூரிட்டி பகுதியில் உள்ள மைக்ரோசாஃப்ட் டிஃபென்டர் ஆஃப்லைன் ஸ்கேன் இதற்கு உதவும். கணினி மறுதொடக்கமாகி, ஏறத்தாழ 15 நிமிடங்கள் சோதனை நடக்கும்.

5. பிறகு மற்றொரு நம்பகமான ஆன்டிவைரஸ் கொண்டு முழுச் சோதனை செய்ய வேண்டும். பயன்படுத்திய பென்டிரைவ்களையும் சோதிக்க வேண்டும்.

6. டாஸ்க் மேனேஜரில் தானாகத் தொடங்கும் நிரல்களின் பட்டியலையும், உலாவியின் நீட்சிகளையும் பார்த்து, அறியாதவற்றை நீக்க வேண்டும். பதிவேட்டில் அனுபவமில்லாதவர்கள் கைவைத்தால் விண்டோஸ் தொடங்காமல் போகலாம்.

7. ஐயம் தீரவில்லையெனில், ஆவணங்களையும் படங்களையும் மட்டும் படியெடுத்துக்கொண்டு, வன்தட்டை அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவுவதே உறுதியான வழி. பழைய நிரல் கோப்புகளைப் படியெடுத்தால் உளவுநிரலும் உடன் வரக்கூடும்.

தடுப்பு

இயங்குதளத்தையும் உலாவியையும் தவறாமல் புதுப்பித்தல், எதிர்பாராத இணைப்புக் கோப்புகளைத் திறக்காதிருத்தல், கிராக் மென்பொருள்களைத் தவிர்த்தல் ஆகியவை அடிப்படைப் பாதுகாப்புகள். பலர் பயன்படுத்தும் இணைய மையக் கணினிகளில் வங்கிக் கணக்கைத் திறப்பது நல்லதல்ல. ஒருமுறைக் கடவுச்சொல்லுடன் வரும் குறுஞ்செய்தியில் தொகையும் பெறுநர் விவரமும் இருந்தால், எண்ணை உள்ளிடும் முன் அவற்றைப் படிக்க வேண்டும். கணினித் திரையை உளவுநிரல் மாற்றிக் காட்டினாலும், தொற்றில்லாத கைபேசிக்கு வரும் அந்த வரி மாறுவதில்லை.