ஆள் இல்லையென்றால் விடுப்பும் இல்லையா?

ஆண்டு விடுப்பு என்பது, ஒருவர் செய்து முடித்த வேலைநாட்களைக் கணக்கிட்டுச் சேரும், சம்பளத்துடன் கூடிய ஓய்வு. அரசு அலுவலகங்களில் ஈட்டிய விடுப்பு என்றும் தனியார் நிறுவனங்களில் இ.எல்., பி.எல். என்றும் இது வழங்குகிறது. கணக்கில் விடுப்பு இருக்கும். ஆனால் கேட்கும் நாளில் கிடைக்காது. அதற்குப் பெரும்பாலான இடங்களில் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: ஆள் இல்லை. இந்தக் காரணம் எந்த அளவுக்குச் செல்லும், அதை மீறி விடுப்பு பெற என்ன வழி என்பதை ஒவ்வொரு பணியாளரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

திருவண்ணாமலை போன்ற கோயில் நகரத்தில் இந்தச் சிக்கல் மாதந்தோறும் எழுகிறது. மலையைச் சுற்றிய கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். அந்தப் பாதையில், மலைக்கு மேற்குப் பக்கம், ஆதி அருணாசலேஸ்வரர் கோயிலோடு அமைந்திருக்கும் ஊர் அடி அண்ணாமலை. பௌர்ணமிதோறும் பக்தர்கள் திரளாக இந்த வழியே நடக்கிறார்கள். சித்ரா பௌர்ணமிக்கும் கார்த்திகை தீபத்துக்கும் கூட்டம் பல லட்சத்தைத் தாண்டும். பூஜைப் பொருள் கடை, தங்கும் விடுதி, உணவகம், அரசுப் பேருந்து, மருத்துவமனை, தூய்மைப் பணி, மின்வாரியம், காவல்துறை என எல்லா இடங்களிலும் அந்த நாட்களில் இருக்கும் ஆள் போதாது. "பௌர்ணமி முடியட்டும், பார்க்கலாம்" என்ற பதிலோடு விண்ணப்பங்கள் திரும்பி வருகின்றன. ஒரு பௌர்ணமி முடிந்தால் அடுத்த பௌர்ணமி வந்துவிடுகிறது.

மூன்று வகைப் பற்றாக்குறை

ஆள் பற்றாக்குறை எல்லாம் ஒரே தன்மையுடையதல்ல. வெள்ளம், விபத்து, ஒரே நேரத்தில் பலருக்குக் காய்ச்சல் போன்றவை திடீரென வருபவை. அப்போது விடுப்பைத் தள்ளிவைக்கச் சொல்வதில் நியாயம் உண்டு. இரண்டாவது வகை, முன்பே தெரிந்த நெருக்கடி. பௌர்ணமியும் தீபமும் என்றைக்கு வரும் என்று பஞ்சாங்கம் ஓராண்டுக்கு முன்பே சொல்லிவிடுகிறது; அதற்கேற்ப ஆள் திட்டமிடுவது நிர்வாகத்தின் வேலை. மூன்றாவது, நிரப்பப்படாத காலியிடங்களால் ஆண்டு முழுவதும் நீடிக்கும் பற்றாக்குறை. இதைக் காட்டி விடுப்பை மறுத்தால், ஆள் எடுக்காத நிர்வாகத்தின் குறைக்குப் பணியாளர் தம் ஓய்வைக் கொடுத்து ஈடுகட்ட வேண்டியதாகிறது. ஒரு மறுப்பு நியாயமானதா என்று பார்ப்பதற்கு முன், அது இந்த மூன்றில் எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும்.

சட்டம் தரும் கணக்கு

தொழிற்சாலைகளில் நீண்ட காலம் நடைமுறையில் இருந்தது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, 20 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் விடுப்பு உண்டு என்றது அது. 300 நாள் உழைத்தவருக்கு 15 நாள். விடுப்பு தொடங்க 15 நாளுக்கு முன் எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஆண்டுக்கு மூன்று தவணைகளுக்கு மிகாமல் எடுத்துக்கொள்ள முடிந்தது.

ஆள் பற்றாக்குறை குறித்தும் அந்தச் சட்டம் தெளிவாகப் பேசியது. வேலை தடைபடாமல் இருக்க வேண்டுமென்றால், நிர்வாகம் தொழிலாளர் பிரதிநிதிகளோடு கலந்து விடுப்பு வழங்கும் திட்டம் ஒன்றை எழுத்தில் வகுத்து, தலைமை ஆய்வாளரிடம் அளித்து, தொழிற்சாலையில் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றது. முறையாகக் கொடுத்த விண்ணப்பத்தை அந்தத் திட்டத்தின்படியன்றி மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. 'இன்று ஆள் இல்லை' என்று மேலாளர் வாய்மொழியாகச் சொல்வதற்கு அதில் இடமிருக்கவில்லை.

2025 நவம்பர் 21 முதல் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் தொகுப்புச் சட்டம், 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. பொதுவாக 10 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களுக்கு இது பொருந்தும். விடுப்புக்குத் தேவையான வேலைநாட்கள் 240லிருந்து 180ஆகக் குறைந்துள்ளன. 20 நாளுக்கு ஒரு நாள் என்ற வீதம் மாறவில்லை. எடுக்காத விடுப்பில் 30 நாள் வரை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லலாம். விண்ணப்பித்தும் மறுக்கப்பட்ட விடுப்புக்கு இந்த 30 நாள் உச்சவரம்பு கிடையாது. அது எவ்வளவு இருந்தாலும் அடுத்த ஆண்டுக்குச் செல்லும். பழைய சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு புதிய சட்டத்திலும் தொடர்கிறது.

கடைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 உண்டு. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு அடுத்த பன்னிரண்டு மாதத்தில் சம்பளத்துடன் 12 நாள் விடுப்பு. அதை 24 நாள் வரை சேர்த்துவைக்கலாம். நோய்க்கு 12 நாள், நியாயமான பிற காரணங்களுக்கு 12 நாள் என்பவை தனி. விடுப்பு கேட்டு மறுக்கப்பட்டவர் வேலையை விட்டு விலகினால், அந்த நாட்களுக்கான ஊதியத்தை முதலாளி கொடுத்தாக வேண்டும். உணவகங்களுக்கு 1958ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது.

பண்டிகை விடுமுறை வேறு கணக்கு. 1958ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களும் மேலும் ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்துடன் விடுமுறை. அந்த நாளில் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும். அல்லது அன்றைய சம்பளத்தோடு மாற்று விடுமுறை தர வேண்டும். தீபத் திருநாள் ஒரு நிறுவனத்தின் பட்டியலில் இருந்தால், அன்று வேலைக்கு வந்தவருக்கும் இந்த உரிமை உண்டு. அவருடைய ஆண்டு விடுப்பில் அதைக் கழிக்கக் கூடாது.

அரசுப் பணியில்

அரசு ஊழியர்களின் நிலை சற்று மாறுபட்டது. விடுப்பை உரிமையாகக் கோர முடியாது, பொதுப்பணியின் தேவையை முன்னிட்டு அதிகாரி அதை மறுக்கலாம், கொடுத்ததைத் திரும்பப் பெறலாம் என்கிறது அடிப்படை விதி 67. தீபத்தின்போது மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் விடுப்பு நிறுத்தப்படுவதற்கு அடிப்படை இதுதான். ஆனால் இந்த விதி அதிகாரிக்குத் தருவது பொதுநலனுக்கான அதிகாரம்; காரணம் சொல்லாமல் கோப்பை மேசையில் கிடப்பில் போடுவதற்கு அதைக் காட்டக் கூடாது.

தமிழ்நாடு அரசின் நிரந்தரப் பணியாளருக்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு சேரும். ஜனவரியிலும் ஜூலையிலும் பதினைந்து பதினைந்தாக வரவு வைக்கப்படும். மொத்த இருப்பு 240 நாளைத் தாண்ட முடியாது. வரம்பைத் தொட்டவருக்கு விடுப்பு தராமல் இழுத்தடித்தால், அவர் ஈட்டியது கணக்கிலேயே சேராமல் போகிறது. ஆகவே இருப்பு அதிகமுள்ளவர்களை முதலில் அனுப்புவது நல்ல நிர்வாகம். விடுப்பைச் சரண் செய்து பணமாக்கலாம். 2020இல் நிறுத்தப்பட்ட அந்தச் சலுகை 2025 அக்டோபர் 1 முதல் மீண்டும் கிடைக்கிறது. ஆனால் பணம் ஓய்வாகிவிடாது.

தீபப் பந்தோபஸ்துக்கு வெளி மாவட்டங்களிலிருந்தும் காவலர்கள் வருகிறார்கள். வாரம் முழுதும் ஓய்வில்லாமல் உழைத்த காவலர்களுக்கு வார ஓய்வு வழங்கும் முடிவைத் தமிழ்நாடு அரசு 2021இல் எடுத்தது. இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை அது பொருந்தும். எந்நேரமும் ஆள் தேவைப்படும் துறையிலும் முறைவைத்து ஓய்வு கொடுக்கலாம் என்று அரசே ஏற்றுக்கொண்ட முடிவு இது.

விண்ணப்பிக்கும் முறை

விடுப்பு கேட்பவர் முதலில் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். பௌர்ணமியும் தீபமும் வராத வாரங்களைத் தேர்ந்தால் மறுக்கப்படும் வாய்ப்பு குறையும். திருமணம், காதணி விழா, குலதெய்வ வழிபாடு போல நாள் குறித்த நிகழ்ச்சிகளுக்கு நாள் குறித்த உடனே விண்ணப்பிப்பது நல்லது. பழைய தொழிற்சாலைகள் சட்டம் சொன்ன 15 நாள் குறைந்தபட்ச அவகாசம்தான். ஒரு மாதத்துக்கு முன்பே கொடுத்தால் மேலாளருக்கு மாற்று ஏற்பாடு செய்ய நேரம் கிடைக்கும்.

விண்ணப்பத்தில் தொடங்கும் நாள், முடியும் நாள், காரணம், தம் வேலையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டவர் பெயர், நிலுவையில் உள்ள வேலைகள் ஆகியவற்றை எழுத வேண்டும். தேதியில் விட்டுக்கொடுக்க முடியுமென்றால் இரண்டாவது தேதியையும் குறிப்பிடலாம். கையால் எழுதிக் கொடுத்தால் நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று கையொப்பம் வாங்க வேண்டும்; மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ என்றால் பாதுகாத்து வைக்க வேண்டும். மறுத்த விடுப்பை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்லும் உரிமை, விண்ணப்பித்ததற்குச் சான்று இருந்தால்தான் கைகொடுக்கும். வாய்மொழியாகக் கேட்டு வாய்மொழியாக மறுக்கப்பட்ட விடுப்புக்குச் சாட்சி இல்லை.

மறுத்தால் என்ன செய்வது?

1946ஆம் ஆண்டின் மத்திய விதிகளோடு வந்த மாதிரி நிலையாணைகள் (தொழில் நிறுவனங்களின் பணி நிபந்தனை விதிகள்) இதற்கு ஒழுங்கான நடைமுறையைச் சொல்லின. விண்ணப்பித்த ஒரு வாரத்துக்குள், அல்லது விடுப்பு தொடங்க இரண்டு நாளுக்கு முன், இவற்றில் எது முந்தியதோ அதற்குள் முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தாலோ தள்ளிவைத்தாலோ காரணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். தொழிலாளி கேட்டால் அந்தப் பதிவின் நகலைத் தர வேண்டும். நிலையாணை இல்லாத சிறிய கடையிலும் இதே முறையை மரியாதையோடு கேட்கலாம்: "இந்தத் தேதியில் முடியாதென்றால், எந்தத் தேதியில் தர முடியும் என்று எழுதிக் கொடுங்கள்." இந்தக் கேள்வி மறுப்பை ஒத்திவைப்பாக மாற்றிவிடுகிறது.

அதற்கும் பதில் இல்லையென்றால் மேலதிகாரி, மனிதவளப் பிரிவு, தொழிற்சங்கம் என்ற வரிசையில் போகலாம். கடை, நிறுவனம் தொடர்பான புகார்களைத் தொழிலாளர் துறையின் மாவட்ட அலுவலகத்திலும், தொழிற்சாலை தொடர்பானவற்றைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திலும் அளிக்கலாம்.

செய்யக் கூடாதது, அனுமதி இல்லாமல் நின்றுவிடுவது. விடுப்பு முடிந்து எட்டு நாளுக்குள் திரும்பி வந்து காரணம் சொல்லாதவர் பணியுரிமை இழப்பார் என்றது அந்த மாதிரி நிலையாணை. எனினும் விசாரணையே இல்லாமல் அப்படிப் பெயரை நீக்குவது இயற்கை நீதிக்கு முரணானது என்று 1993இல் டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு ஒரு கேடயம்தான். அதை நம்பி ஊருக்குப் போவது புத்திசாலித்தனம் அல்ல. பொய்யான மருத்துவச் சான்று அதைவிடப் பெரிய ஆபத்து.

நிர்வாகத்தின் பங்கு

ஆண்டுத் தொடக்கத்திலேயே பௌர்ணமி, தீபம், பள்ளித் தேர்வு, கோடை விடுமுறை ஆகியவற்றைக் குறித்து விடுப்புப் பட்டியல் தயாரிப்பதே முதல் வேலை. ஒரே நேரத்தில் எத்தனை பேர் போகலாம் என்பதை அதில் எழுதிவிட வேண்டும். சென்ற ஆண்டு தீபத்துக்கு வேலை பார்த்தவருக்கு இந்த ஆண்டு முன்னுரிமை தர வேண்டும். உள்ளூர்க்காரர் என்பதற்காகவோ திருமணமாகாதவர் என்பதற்காகவோ ஒருவரையே ஒவ்வொரு பண்டிகைக்கும் நிறுத்திவைப்பது அநீதி. ஒவ்வொரு வேலையையும் குறைந்தது இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுத்தால், ஒருவர் போனதும் எல்லாம் நின்றுவிடும் நிலை வராது. பெருங்கூட்ட நாட்களுக்குத் தற்காலிக ஆட்களை முன்கூட்டியே அமர்த்தலாம். ஆண்டின் 365 நாளும் கடை திறக்கத் தமிழ்நாடு அரசு 2019இல் அனுமதி தந்தபோதுகூட, ஒவ்வொரு பணியாளருக்கும் சுழற்சி முறையில் வார விடுமுறை தர வேண்டும் என்று நிபந்தனை விதித்தது.

பிற நாடுகளிலும் ஆண்டு விடுப்பைச் சட்டமே உறுதி செய்கிறது. இலங்கையில் கடை, அலுவலகப் பணியாளர்களுக்கு ஆண்டுக்கு 14 நாள் விடுப்பு. சிங்கப்பூரில் முதல் ஆண்டில் 7 நாளில் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு நாளாகக் கூடி 14 வரை செல்கிறது. உலகத் தொழிலாளர் அமைப்பின் 1970ஆம் ஆண்டு உடன்படிக்கை குறைந்தது மூன்று வாரம் என்கிறது. விடுப்பின் காலத்தை முடிவு செய்யும்போது வேலையின் தேவை, தொழிலாளியின் ஓய்வு வாய்ப்பு இரண்டையும் கருத வேண்டும் என்றும் கூறுகிறது. இந்தியா அந்த உடன்படிக்கையை இன்னும் ஏற்கவில்லை.

ஆள் பற்றாக்குறை விடுப்பின் தேதியைத் தள்ளிவைக்கலாம்; ஈட்டிய விடுப்பை அழிக்க அதற்கு அதிகாரம் இல்லை. பணியாளர்கள் எழுத்தில் கேட்க வேண்டும். நிர்வாகங்கள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். அடுத்த தீபத்துக்கான பட்டியலை எல்லோரும் உட்கார்ந்து இப்போதே போட்டுவிட்டால், கூட்டத்தையும் சமாளிக்கலாம், யாருடைய வீட்டு விசேஷமும் தவறாது.