பாரம் ஏற்றச் சொன்னவர் ஒருவர், உரிமம் இழப்பவர் இன்னொருவர்

வேதாரண்யத்தை ஒட்டிய அகஸ்தியன்பள்ளி, கோடியக்காடு, கடினல்வயல் பகுதிகளில் சுமார் 9 ஆயிரம் ஏக்கரில் உப்பு விளைகிறது. அதை வெளியூர்களுக்குக் கொண்டு போவது பெரும்பாலும் லாரிகள். உப்பளக் கூலியிலும் நடவுக் கூலியிலும் தலைமுறைகளைக் கழித்த ஆதிதிராவிடர் குடும்பத்தில் ஒரு பிள்ளை கனரக வாகன உரிமம் எடுத்தால், நிலமில்லாத அந்த வீட்டுக்கு அதுதான் சொத்து. 8-ம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம் என்ற விதி 2019-ல் நீக்கப்பட்டதால், பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கும் இந்த வழி திறந்தது.

அந்தச் சொத்தை எளிதில் இழக்கவும் நேரிடும். கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடர்ந்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு சாலைப் பாதுகாப்புக் குழுவை அமைத்தது. அக்குழு 2015 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு ஓர் உத்தரவு அனுப்பியது. அதிவேகம், சிவப்பு விளக்கு மீறல், அதிக பாரம், சரக்கு வாகனத்தில் ஆள் ஏற்றுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், ஓட்டும்போது செல்போன் பேசுதல் ஆகிய ஆறில் எதில் சிக்கினாலும் குறைந்தது 3 மாதம் உரிமம் தற்காலிக ரத்து.

குடிக்கும் செல்போனுக்கும் பரிந்து பேச ஒன்றுமில்லை. லாரி மோதிச் சாகிறவர்களில் சைக்கிளில் வேலைக்குப் போகும் நம் தெருக்காரர்களும் உண்டு. ஆனால் பாரத்தைத் தீர்மானிப்பது டிரைவரா? உப்பு ஈரம் கோத்தால் எடை கூடும். மூட்டைகளை எண்ணி ஏற்றுவது வேறு ஆட்கள். 'இவ்வளவு ஏத்த மாட்டேன்' என்று சொல்லும் டிரைவருக்கு அடுத்த டிரிப் கிடைக்குமா என்பதை ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

சட்டம் சொல்லும் கணக்கு இது. அதிக பாரத்துக்கு 20 ஆயிரம் ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2 ஆயிரம். ஐந்து டன் கூடினால் 30 ஆயிரம். கூடுதல் சரக்கை இறக்காமல் வண்டியை எடுக்க முடியாது. ஓட்டியவரோடு, ஓட்டச் சொன்னவரும் குற்றவாளிதான். மோட்டார் வாகனச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அபராதத்தை இருவரும் பகிரலாம். உரிமத்தைப் பகிர முடியாதே!

நடவு, களை நாட்களில் பெண்களைக் குட்டி யானையில் நிற்கவைத்து வயலுக்குக் கூட்டிப் போவதை டெல்டாவில் பார்க்காதவர் இல்லை. ஓட்டுபவரும் நம் ஆள், பின்னால் நிற்பவர்களும் நம் பெண்கள். பிடிபட்டால் அவர் உரிமம் போகும். கவிழ்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுக்கும். ஆள் ஏற்றிவரச் சொன்ன மேஸ்திரி பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

மூன்று மாதம் கழித்து உரிமம் திரும்பும்போது அந்த லாரியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். புது வேலை கேட்டுப் போனாலும், உரிம எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்து உரிமம் நடப்பில் உள்ளதா என்று அரசின் இணையதளத்தில் பார்த்துவிடுகிறார்கள். ரத்தான காலத்தில் பசிக்காக ஓட்டிச் சிக்கினால் 10 ஆயிரம் அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, இரண்டுமேகூட வரலாம்.

அதிவேகத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. தொழிலாளர் துறையைக் கவனித்தபோது அம்பேத்கர் 1946-ல் கொண்டுவந்த திருத்தம் ஆலைகளில் வாரம் 48 மணி நேர வேலையை நிலைநாட்டியது. அதே 48 மணி நேரத்தை மோட்டார் தொழிலாளருக்கு 1961 சட்டம் தந்தது. ஆனால் அது 5 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு உரியதாக இருந்தது. ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவரிடம் ஓட்டியவர் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

நோட்டீஸ் வந்தால் பயந்து மூலையில் போட்டுவிட வேண்டாம். உரிமத்தை முடக்கும் முன் ஓட்டுநரின் விளக்கத்தைக் கேட்க வேண்டும், காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 19-வது பிரிவு. உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். எடைமேடைச் சீட்டையும், லோடு ஏற்றச் சொல்லி வந்த வாட்ஸ்அப் செய்தியையும் அழிக்காமல் வைத்திருங்கள். பட்டியல் இனத்தவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987-ம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம். சாதிச் சான்றிதழோடு நாகப்பட்டினம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். சட்டம் படிக்கும் நம் மாணவர்கள் அந்த மனுவை எழுதிக் கொடுத்தால் ஒரு டிரைவருக்கு ஒரு நாள் கூலி மிச்சம்.